ஒரு விரலில் தூக்கிய படகு

படகு முதலில் என் வலப்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. பிறகு காணாமல் போனது. பிறகு இடப்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

ஓட்டிக்கொண்டிருந்தது நான். எங்கள் வீட்டு பிக்கப் வண்டி. முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுக்கும் இழுவை கொடுக்கக்கூடிய ரகம். அதன் பின்னால் கொக்கியில் மாட்டி வந்தது ஒரு டிரெய்லர். டிரெய்லரின் மேல் கயிறு போட்டுக் கட்டிய ஃபைபர் படகு. வண்டலூரில் வெளிவட்டச் சாலையில் ஏறி, பாலத்திலிருந்து முடிச்சூர்ப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாகச் சேற்று வாசனை வந்தது.

ஒழுங்காகப் பின்னால் வருகிற டிரெய்லர் இரண்டு கண்ணாடிகளிலும் ஒரே அளவு ஓரம் காட்டும். இதுவோ இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுமாக வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக எட்டிப் பார்த்தது. பிக்கப்பின் பின்பாகமும் அதோடு சேர்ந்து ஆடுவது என் இருக்கையில் தெரிந்தது.

"பியூலா, பிரேக்கப் பிடி!" என்றார் பக்கத்தில் இருந்த என் கணவர் சாமுவேல்.

"மேடம், பிரேக்கு! பிரேக்கு!" என்று பின் இருக்கையிலிருந்து கத்தினார் வெல்டிங் பட்டறை பாஸ்கர். அந்த டிரெய்லரைச் செய்தவர் அவர்தான். அவருக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரங்கநாதன் சார். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுலோகம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் பிரேக் பிடிக்கவில்லை. வண்டியோடு வந்த குண்டுப் புத்தகத்தை எங்கள் வீட்டில் முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான். இழுத்து வரும் டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு என்று அதில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அப்போது சிரித்துக்கொண்டேன். படகு இழுக்கிற பிழைப்பு நமக்கு ஏன் வரப்போகிறது என்று நினைத்தேன்.

காலை எடுத்தேன். கைகளை இறுக்கினேன். வேகம் தானாகக் குறைந்தது. படகு இன்னும் கொஞ்சம் ஆடிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் நின்றது. ஓரம் கட்டி எச்சரிக்கை விளக்கைப் போட்டேன்.

சாமுவேலின் போன் அடித்தது. எஸ்தர் மதினி.

"எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டுதான் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லி முடித்தார்.

மதினியின் முறை

எஸ்தர் மதினி என் கணவரின் அக்கா. பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முடிச்சூரில் ஒரு சின்ன அடுக்குமாடிக் குடியிருப்பில் முதல் தளத்தில் தனியாக இருக்கிறார். சிறுநீரகம் கைவிட்டதிலிருந்து வாரத்தில் சில நாள் தாம்பரத்து மருத்துவமனையில் டயாலிசிஸ். எங்கள் வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த முக்கியமான நாட்கள் அவை.

அந்த மழையில் ஒரு முறை ஏற்கெனவே தவறிப்போயிருந்தது. அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்து, கீழ்த்தளத்துக் கதவுகளைப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. மதினிக்குக் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியதால் உட்கார்ந்தே இருந்தார். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எப்படியாவது கொண்டுவந்துவிடுங்கள், இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

மீட்புப் படகுகள் எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் தெருக்கள் அதிகம், படகுகள் கொஞ்சம். மதினியின் தெருவுக்கு முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எங்களிடம் ஒரு படகு இருந்தது. அதை இழுக்க ஒரு வண்டியும் இருந்தது. கிளம்பிவிட்டோம்.

இப்போது அந்தப் படகு எங்களையே கவிழ்க்கப் பார்த்தது. இதோடு மேலே போனால் நாலு பேரும் சாலையோரப் பள்ளத்தில் கிடப்போம். போகாவிட்டால் மதினி என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

மீன் வண்டி

இந்தப் பிக்கப் எங்கள் வீட்டுக்கு வந்ததே இன்னொரு மழையால்தான். சிட்லபாக்கம் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்கு வந்த வருஷம், வாசலில் நின்ற காருக்குள் தண்ணீர் புகுந்து, இருக்கையில் தவளை உட்கார்ந்திருந்த கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அந்தத் தவளையைப் பார்த்த அன்று சாமுவேல் சபதம் செய்தார். அடுத்த வண்டி தண்ணீரைக் கண்டு பயப்படக் கூடாது.

வந்து நின்ற வண்டியைப் பார்த்துத் தெருவே கூடியது. முன்னால் நாங்கள் உட்கார இரண்டு வரிசை இருக்கை. பின்னால் திறந்த தொட்டி. ஏறுவதற்குக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டும். எஸ்தர் மதினி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னடா சாமு, மீன் வண்டி வாங்கியிருக்க?"

பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு கல்யாணத்துக்கு எங்களோடு வரச் சொன்னபோது, "பட்டுப் புடவை கட்டிக்கிட்டு மீன் வண்டியிலயா? நான் ஆட்டோவுல வரேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு நாங்களும் கூப்பிடவில்லை. டயாலிசிஸுக்குக்கூட ஆட்டோதான்.

சாமுவேலுக்கோ வண்டியின் ஒவ்வொரு பொத்தானையும் ஊருக்குக் காட்ட வேண்டும். நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டு, காய்ந்த தார் ரோட்டில் சேலையூர் வரைக்கும் ஊர்வலம் போனார். திரும்பும் இடத்திலெல்லாம் டயர் கிறீச்சிட்டது. வண்டி முரண்டு பிடித்தது. "பார்த்தியா பவர!" என்றார்.

அது பவர் இல்லை. நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்துப் பிரிவில் காலத்தைக் கழித்தவள். 'எப்படி நடந்தது, ஏன் நடந்தது' என்று கேட்டே பழகிவிட்டேன். காரணம் தெரியாவிட்டால் சோறு இறங்காது. அன்றைக்கே குண்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

விஷயம் எளிமையானது. வளைவில் முன் சக்கரம் போகிற தூரம் வேறு, பின் சக்கரம் போகிற தூரம் வேறு. எங்கள் மாதிரி வண்டியில் நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றிலோ மணலிலோ சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு டயரையும் இயந்திரத்தையும் தின்றுவிடும்.

இதைச் சாமுவேலிடம் சொன்னபோது, "அப்ப எதுக்குக் குடுத்தான்?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு அவருக்குக் கண்ணில் விழித்திரை அறுவை நடந்தது. வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். சாவி என் கைக்கு வந்தது. அவர் வாய் மட்டும் இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

முதுகு வலிக்கு மருந்து

படகு சங்கத்துடையது. வெள்ளம் வடிந்த ஒரு கூட்டத்தில், அடுத்த மழைக்கு நம்மிடம் சொந்தப் படகு இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பாஸ்கரின் மாமனார் வீடு கோவளத்தில். அங்கிருந்து பழைய படகு ஒன்றும் அதற்கான எஞ்சினும் அவர் மூலமாக வந்தன. டிரெய்லரையும் அவரே பம்மல் பட்டறையில் செய்து கொடுத்தார். எங்கள் சர்ச் பாஸ்டர் ஜெபம் செய்தார், பாஸ்கர் பூசணிக்காய் உடைத்தார், ரங்கநாதன் சார் தேங்காய் உடைத்தார்.

டிரெய்லரோடு பின்னோக்கிப் போகக் கற்றுக்கொண்டது தனி வேடிக்கை. நாம் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். விளையாட்டுத் திடலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக வைத்துக்கொண்டு பழகினேன். "ரைட்ல ஒடிங்க மேடம், ரைட்ல!" என்று சங்கமே கத்தும். யாருடைய ரைட் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டால், டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். அதன் பிறகு நாற்காலிகள் பிழைத்தன.

ஒரு நாள் படகை ஏற்றிக்கொண்டு மேடவாக்கம் வரைக்கும் போய்ப் பார்த்தோம். தண்ணீர் லாரிகளுக்கு நடுவில், அந்த நெரிசலில்கூட, டிரெய்லர் பின்னாலேயே பதவிசாக வந்தது. திரும்பும்போது காலியான சாலையில் கொஞ்சம் வேகமாகவும் போனேன். இம்மியும் ஆடவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு குறை. டிரெய்லரின் மூக்கு, அதாவது கொக்கியில் மாட்டுகிற முன்கம்பி, நல்ல கனம். அதைத் தூக்கி மாட்ட மூன்று பேர் வேண்டும். ரங்கநாதன் சாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் அதுவே முதல் பொருளாக வந்தது. ஆபத்து நேரத்தில் எல்லாருமே வயதானவர்கள், இதை யார் தூக்குவது?

"அவ்ளோதான சார்? அச்ச முன்னால தள்ளிட்டா லேசாயிடும். வுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் பாஸ்கர்.

சொன்னபடி செய்தார். சக்கரங்கள் இருந்த அச்சை முன்பக்கமாக நகர்த்தி வைத்தார். தராசின் முள் நடுவுக்கு வந்த மாதிரி, டிரெய்லர் முன்னும் பின்னும் சமமாக நின்றது. ஆள்காட்டி விரலை வளைத்து மூக்கைத் தூக்கிக் காட்டினார். அது மேலே வந்தது!

எங்கள் தெருவுக்கு அது ஒரு திருவிழா. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவர்கள் ஒரு விரலில் தூக்கிப் பார்த்தார்கள். பாஸ்டர் தூக்கினார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் தூக்கினார்கள். ரங்கநாதன் சார் தூக்கியபோது கைதட்டல். தூக்கியவர் எல்லாரும் போட்டோ எடுத்துத் தெரு குரூப்பில் போட்டார்கள். படகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்களா என்றால் இல்லை. ஒரு விரலில் தூக்காதவர் தெருவில் இல்லை.

நாலு பேர், நாலு காரணம்

வெளிவட்டச் சாலையின் ஓரத்தில் இறங்கி நின்றோம். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

"காத்து. பாலத்து மேல காத்து அடிக்குதுல்ல" என்றார் சாமுவேல்.

"ரோடு சரியில்லம்மா. பாலத்தோட ஜாயின்ட்ல தூக்கிப் போடறது" என்றார் ரங்கநாதன் சார்.

"ஸ்பீடு மேடம். நீங்க இன்னா ஸ்பீடுல வந்தீங்கோ தெரியுமா? என் டிரெய்லர்ல ஒரு கொறையும் இல்ல. சமமா நிக்கிது பாரு, அப்டியே!" என்றார் பாஸ்கர்.

நான் டயரைத் தட்டிப் பார்த்தேன். காற்று சரியாக இருந்தது. சக்கரத்து நட்டுகள் இறுக்கமாக இருந்தன. கயிறு தளரவில்லை. கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போட்ட இரண்டு காவல் சங்கிலிகளும் அப்படியே இருந்தன. எல்லாம் சரியாக இருந்தால் எனக்கு எரிச்சல் வரும். விபத்துப் பிரிவில் நான் பார்த்த வரையில், எல்லாம் சரியாக இருந்த வண்டி எதுவும் தானாக ஆடியதில்லை.

மேடவாக்கத்தில் இதைவிட வேகமாகப் போனேனே, அன்றைக்கு ஏன் ஆடவில்லை? அதே வண்டி, அதே படகு, ஓட்டியதும் நான்தான். அன்றைக்கு இல்லாத எது இன்றைக்கு இருக்கிறது?

கொஞ்சம் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தேன். கனத்தை இழுக்கும் வண்டியின் பின்பாகம் லேசாக அழுந்தி இருக்க வேண்டும். எங்கள் பிக்கப்போ பின்பாகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"பாஸ்கர், சக்கரத்துக்குக் கல்லு வைங்க. சங்கிலி அப்படியே இருக்கட்டும். கொக்கியை மட்டும் விடுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு மேடம்? டைம் போவுது."

"விடுங்க சொல்றேன்."

கல் வைத்துவிட்டு, கொக்கியின் பூட்டை எடுத்தார். அவ்வளவுதான். டிரெய்லரின் மூக்கு யாரும் தொடாமலே சடக்கென்று மேலே எழும்பியது. சங்கிலிகள் இழுத்துப் பிடித்துக்கொண்டன. படகின் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது.

"இன்னா மேடம் இது, தானா எய்ந்துகினு நிக்கிது!" என்று பின்வாங்கினார் பாஸ்கர்.

அப்போது புரிந்தது. காலையில் என்ன செய்தோம்? முதலில் டிரெய்லரை ஒரு விரலில் தூக்கி மாட்டினோம், சந்தோஷமாக. பிறகு எஞ்சினைக் கொண்டுவந்து படகின் பின்முனையில் பொருத்தினோம். மேடவாக்கம் போன அன்று எஞ்சின் பட்டறையில் கிடந்தது. பிறகு தெருவில் கொடுத்த தண்ணீர் கேன், பால், பிரெட் எல்லாவற்றையும் ஏற்றினோம். எங்கே? கைக்கு எட்டுகிற பின்பக்கத்தில். முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டுமென்றால் படகுக்குள் ஏற வேண்டுமே!

சமமாக நின்ற தராசில் ஒரு தட்டில் மட்டும் எல்லாவற்றையும் போட்டுவிட்டோம்.

டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு, சுமார் பத்தில் ஒன்று, கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பாரம் அச்சுக்கு முன்னால் இருந்தால் டிரெய்லர் முன்வண்டியின் பின்னாலேயே வரும். பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், சின்னத் தள்ளல் கிடைத்தாலும் அதன் வால் வீசத் தொடங்கும். வேகம் கூடினால் வீச்சும் கூடும். ரங்கநாதன் சாரின் முதுகைப் பிடித்த அந்தக் கனம்தான் மேடவாக்கத்தில் எங்களை நேராகக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறது. அதைத்தான் குறை என்று நினைத்து நாங்கள் கழற்றி எறிந்திருக்கிறோம், கைதட்டி, போட்டோ எடுத்து.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் பெரிய சந்தோஷம்தான் வந்தது. காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தால் வழியும் கிடைக்கும்.

"எஞ்சினைக் கழட்டி முன்னாடி கொண்டு போங்க. தண்ணி கேன் எல்லாம் பிக்கப் தொட்டியில. மத்தது படகோட மூக்குப் பக்கம்" என்றேன்.

"அஸோசியேசன்தான மேடம் லேசா வோணும்னு கேட்டுச்சி? கேட்டத பண்ணிக் குடுத்தேன். இப்ப நான் பேஜாராயிட்டேன்" என்று முனகிக்கொண்டே பாஸ்கர் ஏறினார். முனகினாலும் எஞ்சினைக் கழற்றிய வேகம் பிரமாதம்.

சாமான்களை நகர்த்தி, இறுக்கிக் கட்டி, மூக்கைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். பாஸ்கர் தூக்கினார். வரவில்லை. சாமுவேலும் சேர்ந்தார். அரைகுறையாக வந்தது. ரங்கநாதன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"சார், உங்க முதுகு?"

"முதுகு கெடக்குதும்மா. அந்தம்மா மூச்சு வாங்கறதக் கேட்டேனே" என்றார்.

மூன்று பேருமாகத் தூக்கி மாட்டினார்கள். பிக்கப்பின் பின்பாகம் கொஞ்சமாக அழுந்தியது. ரொம்ப அழுந்தினாலும் தப்பு; முன் சக்கரங்களின் பிடி குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். தள்ளி நின்று பார்த்தேன். அளவாக இருந்தது.

மெதுவாகக் கிளப்பி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டினேன். யாரும் சாலையைப் பார்க்கவில்லை. நாலு பேரும் கண்ணாடிகளைத்தான் பார்த்தோம். இந்தப் பக்கம் ஓரம், அந்தப் பக்கம் ஓரம், ஒரே அளவு. படகு எங்கள் பின்னால் நல்ல பிள்ளையாக வந்தது.

தண்ணீருக்குள் பின்னோக்கி

பக்கச் சாலையிலிருந்து மதினியின் தெருவுக்கு இறங்குகிற சரிவில் தண்ணீர் தொடங்கியது. காப்பிக் கலரில், மேலே ஒரு செருப்பும் தேங்காய் மட்டையும் மிதந்தன. மோட்டார்கள் நின்றுபோன தெருவில் தவளைச் சத்தம் மட்டும்.

படகை இறக்க வேண்டுமென்றால் டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னோக்கி விட வேண்டும். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்தேன். முதல் தடவையாக யாரும் "ரைட்ல ஒடி" என்று கத்தவில்லை. டிரெய்லரின் சக்கரங்கள் மூழ்கின. எஞ்சினை மறுபடி பின்முனையில் மாட்டி, கட்டை அவிழ்த்ததும் படகு தானாக மிதந்து விலகியது. வழியில் எங்களைக் கொல்லப் பார்த்த அதே சாமான், தண்ணீரில் இறங்கியதும் எவ்வளவு அழகாக இருந்தது!

பாஸ்கர் எஞ்சினைக் கிளப்பினார். சாமுவேல் ஏறினார்.

"ஏங்க, உங்களுக்குக் கண்ணு சரியில்ல" என்றேன்.

"அக்கா குரல் கேட்டாப் போதும்" என்றார்.

காலி டிரெய்லரோடு மேலே ஏற முயன்றேன். பின் சக்கரங்கள் சேற்றில் சுற்றின. முடுக்கினால் இன்னும் புதையும். நான்கு சக்கர இழுவைக்கு மாற்றி, அதிலும் தாழ்ந்த கியரைப் போட்டேன். மாட்டு வண்டியின் வேகம்தான், ஆனால் நான்கு சக்கரமும் சேர்ந்து மண்ணைப் பிடித்தன. அவசரப்படாமல் மேலே ஏறி நின்றது. சேலையூரில் சாமுவேல் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். எதுக்குக் குடுத்தான் என்றால், இதுக்குத்தான்.

பிறகு காத்திருந்தோம். காத்திருப்பது எனக்கு வராத வித்தை. எஞ்சின் சத்தம் தெருமுனையில் மறைந்தது. மருத்துவமனைக்குப் போன் போட்டேன். வாருங்கள், இடம் வைத்திருக்கிறோம் என்றார்கள். ரங்கநாதன் சார் தன் முதுகை வண்டியில் சாய்த்துக்கொண்டு நின்றார். பயமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, தாமதமாகிவிட்டிருந்தால்?

சத்தம் திரும்பி வந்தது. படகின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் எஸ்தர் மதினி, மடியில் மருத்துவ ரிப்போர்ட் பை, கையில் விரித்த குடை. மழை இல்லை, வெயிலும் இல்லை. சாமுவேல் பின்னால் நின்று நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

முகம் வீங்கி, உதடு வெளுத்திருந்தது. கரைக்கு வந்ததும் பிக்கப்பை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த மீன் வண்டியிலயா?" என்றார், மூச்சுக்கு நடுவில்.

"ஆமா மதினி. வேற வண்டி இல்ல."

"முன் சீட்டு குடு. பின்னால ஒக்கார மாட்டேன்."

மூன்று பேரும் சேர்ந்து அவரை நாற்காலியோடு தூக்கி இருக்கையில் சேர்த்தார்கள். தூக்கிப் பழகியிருந்தார்கள். பாஸ்கர் படகோடு அங்கேயே தங்கிவிட்டார்; அந்தத் தெருவில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுத் தாம்பரத்துக்கு விட்டேன். வழியில் தேங்கிய தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்திக் காயவைத்துக்கொண்டேன். வழி முழுக்க என் இடது தோளில் மதினியின் கை இருந்தது.

இருட்டுவதற்கு முன்னால் மதினியை டயாலிசிஸ் இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். சாமுவேல் டீ வாங்கி வந்தார்.

இன்னொரு போட்டோ

வெள்ளம் வடிந்த பிறகு பாஸ்கர் தானாகவே வந்து அச்சைப் பழைய இடத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தார். மூக்கு மறுபடியும் கனமாகிவிட்டது. தள்ளி நகர்த்துவதற்கு மட்டும் மூக்குக்கு அடியில் ஒரு சின்ன உருளைச் சக்கரம் பொருத்திக் கொடுத்தார். ரங்கநாதன் சார் கூட்டத்தில் எழுந்து, மாட்டுவதற்கு மூன்று பேர் கட்டாயம், அதில் முதல் ஆள் தான் என்று சொன்னார். தெரு குரூப்பில் இருந்த ஒரு விரல் போட்டோக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

டயாலிசிஸ் நாட்களில் இப்போது காலையிலேயே போன் வரும். "மீன் வண்டி கிளம்பியாச்சா?" ஆட்டோ என்ற பேச்சே இல்லை. படகு ஆடிய கதையைக் கேட்டதிலிருந்து, முன் இருக்கையில் ஏறியதும் மதினி முதலில் கண்ணாடியைத்தான் பார்க்கிறார், பின்னால் எதுவும் மாட்டியிருக்காத நாட்களிலும்.

போன மாதம் திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். திடலில் டிரெய்லர் நிற்பதைப் பார்த்து, வண்டியை நிறுத்தச் சொன்னார். பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனார். டயாலிசிஸ் ஊசி குத்துகிற கையைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை வளைத்து, டிரெய்லரின் மூக்குக்கு அடியில் கொடுத்தார்.

"பியூலா, போட்டோ எடு."

எடுத்தேன். அவர் முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, முழு மூச்சையும் போட்டுத் தூக்கினார். பிறகு விரலை எடுத்துக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளையைப் போல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அசையல" என்றார்.